தறிக்குடோனும் அலைச் சமன்பாடும்

"சத்தம் தாங்க முடியலைங்க, என்ன பண்ணலாம்?" என்று யாராவது போனில் கேட்டால், எத்தனை டெசிபல் என்று நான் முதலில் கேட்பதில்லை. இடம் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், சத்தம் 'ஊம்' என்று அடைக்கிறதா, 'சடசட' என்று அடிக்கிறதா, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எந்த மூலையில் இருக்கிறார் என்று கேட்பேன். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்தால்தான் எந்தக் கணக்கைக் கையில் எடுப்பது என்று தெரியும். கோவையைச் சுற்றி இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். அடைத்த இடத்துக்குள் ஒலி எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, எங்கே பணம் போட்டால் சத்தம் குறையும், எங்கே போட்டால் குறையாது என்று சொல்வதுதான் என் தொழில். இரண்டாவதைச் சொல்வதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டியிருக்கிறது.

ஒரே அறைக்குள் ஒலி இரண்டு விதமாக நடக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணில் அலைநீளம் அறையின் அளவுக்கு நெருங்கி வரும்போது, ஒலி சுவருக்குச் சுவர் நிலை அலையாக நின்றுவிடும். ஓரிடத்தில் காதை அடைக்கும், நாலடி தள்ளி நின்றால் அடங்கிப்போகும். உயர்ந்த அதிர்வெண்ணில் இப்படிப்பட்ட நிலை அலைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுவதால் தனித்தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. அங்கே ஆற்றல் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று வரவு செலவு பார்த்தால் போதும். இரண்டுக்கும் நடுவே எல்லை எது என்பதற்கு ஒலியியல் அறிஞர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் ஒரு வழி சொன்னார். விநாடியில் உள்ள எதிர்முழக்க நேரத்தை, அதாவது ஒலி நின்றபின் முழக்கம் அடங்க எடுக்கும் நேரத்தை, கனமீட்டரில் உள்ள கன அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2000 ஆல் பெருக்க வேண்டும். ஒரு பெரிய தறிக்குடோனுக்கு அது 70 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். ஒரு பேருந்துக்கு 160. சிறிய காருக்கு 350ஐத் தாண்டும். அதனால்தான் காரிலும் பேருந்திலும் எஞ்சினின் உறுமலுக்கு அலைச் சமன்பாடு தேவைப்படுகிறது. தறிக்குடோனில் கேட்பதில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது.

தறிக்குடோனிலிருந்தே தொடங்குகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கும், மிகவும் மனம் கனத்த கணக்கும் அங்கேதான் இருக்கின்றன.

பல்லடம் பக்கம் ஒரு குடோன். 100 அடிக்கு 50 அடி, உயரம் 15 அடி. நாற்பது நாடாத் தறிகள். மேலே சிமெண்ட் ஷீட், கீழே சிமெண்ட் தரை, பக்கத்தில் பூசிய செங்கல் சுவர். நாடா ஒவ்வொரு முறை அடிபட்டுப் பாயும்போதும், மறுபக்கம் மோதி நிற்கும்போதும் எழும் ஒலி நாற்பது தறியிலிருந்தும் சேர்ந்து வந்தால், தறி ஓட்டுபவரின் காதருகே 100 டெசிபல் காட்டும். நம் தொழிற்சாலை விதிகளின் அட்டவணைப்படி 90 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம், 100 டெசிபலில் 2 மணி நேரம்தான். தறிக்குடோனில் ஷிஃப்ட் 12 மணி நேரம் ஓடுகிறது.

உரிமையாளர் நல்ல மனிதர். தன் ஆட்களுக்காகச் செலவு செய்யத் தயாராக இருந்தார். "ஏனுங்க சார், மேல பூராம் தெர்மாகோல் அடிச்சுட்டா சத்தம் கொறஞ்சு போயிருமுங்களா?" என்று கேட்டார். தெர்மாகோல் ஒலியை உறிஞ்சாது. அதன் குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியவை, காற்று உள்ளே போய் உராய வழியில்லை. உராய்ந்தால்தான் ஒலியின் ஆற்றல் வெப்பமாக மாறும். பாறைக் கம்பளி, கண்ணாடி நார், தென்னை நார் எல்லாம் உறிஞ்சுவது இந்த உராய்வினால்தான். முட்டை அட்டையும் அப்படித்தான் ஏமாற்றும். தெர்மாகோலில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு இருக்கிறது, அதுவும் பஞ்சு பறக்கும் இடத்தில். இதையெல்லாம் விளக்கியதும் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "அப்ப நல்ல சாமானாவே போட்டர்லாங்க. எவ்வளவு கொறையும்னு மட்டும் சொல்லுங்க."

அந்த 'எவ்வளவு' என்பதற்குப் பதில் சொல்லும் பழைய சூத்திரம் வாலஸ் சபைனுடையது. 1895இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசினால் ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை காற்றில் நின்றது. அதைச் சரிசெய்யும் வேலையை இளைஞரான சபைனிடம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும்வரை நேரம் பார்த்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அந்த இரவுகளிலிருந்துதான் கட்டட ஒலியியலின் முதல் சமன்பாடு பிறந்தது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் இந்தக் கணக்கை வைத்து எழுந்தது.

பல்லடம் குடோனுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். தறி ஓடாத நாளில் பலூனை ஊதி ஊசியால் குத்தி, வெடிப்பு அடங்குவதைப் பதிவு செய்ததில் எதிர்முழக்க நேரம் இரண்டரை விநாடி. கன அளவு ஏறத்தாழ 2120 கனமீட்டர். அப்படியென்றால் மொத்த உறிஞ்சல் 137 சதுர மீட்டர் வாக்கில். கூரை முழுக்க ஒலியை உறிஞ்சும் நல்ல பலகை அடித்தால் அது 400 ஆகும். சூத்திரத்தின்படி எதிரொலித்துச் சுற்றும் ஒலி 5 டெசிபல் குறையும். பலகை விற்பவரின் அறிக்கையிலும் அதே எண்தான் இருந்தது.

அந்த 5 டெசிபலை நான் நம்பவில்லை. சபைன் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. அறை முழுவதும் ஒலி ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும் என்பதே அது. விரிவுரை மண்டபத்தில் அது ஏறக்குறைய உண்மை. தறிக்குடோன் அகலமாய், தாழ்வாய், நடுவில் இரும்பு நிறைந்து கிடக்கிறது. ஒலி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதற்குள் கூரையில் பலமுறை பட்டு, தறிகளில் மோதிச் சிதறி, பஞ்சு படிந்த இடங்களில் தேய்ந்துவிடும். அங்கே சராசரி என்று ஒன்று காகிதத்தில்தான் உண்டு. தறி ஓட்டுபவர் சராசரியில் நிற்பதில்லை. இரண்டு தறிகளுக்கு நடுவே, இரண்டடி தூரத்தில் நிற்கிறார்.

இதற்கு வேறு கணக்கு வேண்டும். 1968இல் நார்வேயின் டிரான்ட்ஹைமில் குரோக்ஸ்டாடும் அவருடைய இரு சகாக்களும் கணினியில் ஒலிக்கதிர்களைத் துரத்தும் முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு தறியிலிருந்தும் லட்சக்கணக்கான கதிர்களை எல்லாத் திசையிலும் விட வேண்டும். கேரம் காய் பட்டையில் மோதித் திரும்புவதுபோல ஒவ்வொரு கதிரும் சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும். மோதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பரப்பு எவ்வளவு விழுங்குகிறதோ அவ்வளவு ஆற்றல் குறையும். கேட்பவரின் காது இருக்கும் இடத்தில் ஒரு கற்பனைக் கோளத்தை வைத்து, அதைக் கடக்கும் கதிர்களை எண்ண வேண்டும். தறிகளையும் சிதறடிக்கும் பொருள்களாகச் சேர்த்தாக வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் தூரத்தில் சத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

கணக்கு இரண்டு விடைகளைத் தந்தது. தறி ஓட்டுபவர் நிற்கும் இடத்தில், கூரைக்கு எத்தனை லட்சம் செலவழித்தாலும் 2 டெசிபல்கூட முழுதாகக் குறையவில்லை. அவர் காதுக்கு வருவதில் பெரும்பகுதி பக்கத்துத் தறியிலிருந்து நேரே வருவது. அது கூரையைத் தொடுவதே இல்லை. குடோனின் ஒரு கோடியில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றும் இடத்தில், முதல் தறியிலிருந்து 25 அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அதே கூரை 6 டெசிபலுக்கு மேல் குறைத்தது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு போய் உரிமையாளரிடம் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. கூரை வேண்டாம் என்றேன். தார் சுற்றும் இடத்துக்கும் தறிகளுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர் எழுப்பச் சொன்னேன். நாலரை அங்குலச் சுவர் இருபக்கமும் பூசினால் தனியாக 45 டெசிபல் வரை தடுக்கும். கூரைப் பலகையின் விலையில் அது ஒரு சிறு பங்கு. கொத்தனார் சுவரைக் கூரைவரை ஏற்றி, ஷீட்டின் வளைவுகளுக்குக் கீழே வரிசையாகத் தெரிந்த இடுக்குகளை அப்படியே விட்டிருந்தார். கை நுழையும் அளவுதான், காற்றும் வரட்டும் என்றார். அந்த இடுக்குகள் 50 அடி நீளத்துக்கும் சேர்ந்தால் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்குப் பக்கமாய் வந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு வளைவையும் கலவை வைத்து அடைக்கச் சொன்னேன். காற்றுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தோம். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தோம்.

சுவர் எழுந்தபின் அங்கே போனபோது, தார் சுற்றும் அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். பல வருடங்களாகக் கைஜாடையிலும் வாயசைவிலும் பேசிப் பழகியவர். என்னைப் பார்த்ததும், "இங்க இப்ப அமைதியா இருக்குதுங்க தம்பி. ஆனா தறி நின்னாலும் காதுக்குள்ள தறி ஓடிட்டே இருக்குதுங்க" என்றார். அந்த இரைச்சலைக் குறைக்க என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. பெருத்த சத்தம் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் செவியைத் தின்னும். 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் முதலில் மறையும். பேத்தி பேசுவது கேட்கும், என்ன பேசுகிறாள் என்பது புரியாது. தின்று போனது திரும்பாது. ஆகவே கணக்கு முன்னால் வர வேண்டும், தறி இறக்கும் முன், கூரை போடும் முன்.

தறி ஓட்டுபவர்களுக்குக் காதடைப்பான்தான் வழி என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் மறுத்தார்கள், காரணத்தோடு மறுத்தார்கள். தறியின் தாளம் மாறுவதைக் கேட்டுத்தான் இழை அறுந்தது தெரியும், காதை அடைத்தால் எப்படி என்றார்கள். நல்ல செவி உள்ளவருக்கு அடைப்பான் எல்லா ஒலியையும் சேர்த்தே இறக்கும், அதனால் தாளம் மாறுவது அப்படியே கேட்கும். ஏற்கெனவே செவி பழுதானவருக்குத்தான் அது சிரமம். இளைஞர்களிடம் முதலில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நாடா இல்லாத் தறிகள் வந்த குடோன்களில் சத்தத்தின் இயல்பே வேறு என்பதையும் சொல்ல வேண்டும். மூலத்தில் குறைவதற்கு ஈடு எதுவும் இல்லை.

பேருந்தின் கதை வேறு. கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறைகள் நிறைய. ஏசிப் பேருந்து ஒன்றில், வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது சில இருக்கைகளில் காது அடைக்கிறது, சிலவற்றில் ஒன்றும் இல்லை என்று ஒரு புகார் வந்தது. தளம் ஆடுகிறது, ரப்பரை மாற்ற வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் முதலில் டேப்பை எடுத்து உட்புற நீளத்தை அளந்தேன். 10 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 346 மீட்டர். நீளவாக்கில் நிற்கும் முதல் நிலை அலை 17 ஹெர்ட்ஸ், இரண்டாவது 35 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். 700 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 35 வெடிப்பு.

இரண்டாவது நிலை அலைக்கு அழுத்தம் முன்கோடியிலும் நடுவிலும் பின்கோடியிலும் உச்சம். இரண்டரை மீட்டரிலும் ஏழரை மீட்டரிலும் கணு, அங்கே அழுத்தம் ஏறக்குறைய இல்லை. டெசிபல் மீட்டரைக் கையில் பிடித்து நடைபாதையில் மெல்ல நடந்தால், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சத்தம் இறங்கி, நடுவில் ஏறி, மறுபடி இறங்கி, கடைசி வரிசையில் மறுபடி ஏறுவது தெரியும். புகார் சொன்ன பயணிகள் உட்கார்ந்திருந்ததும் சத்தம் ஏறும் அந்த இடங்களில்தான். காகிதத்தில் போட்ட ஒரு கொசைன் வளைவு கண்முன் ஒரு பேருந்தின் நீளத்துக்குக் கிடப்பதைக் காதால் தொட்டுணரும் அந்த நிமிடத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று தோன்றும்.

முழுக் கணக்கு இவ்வளவு எளிதில்லை. கூரைத் தகடும் தளமும் கண்ணாடியும் காற்றோடு சேர்ந்து அசைகின்றன. காற்றின் அலைச் சமன்பாட்டையும் தகட்டின் அதிர்வுச் சமன்பாட்டையும் கோத்து, உள்வெளியைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டித் தீர்க்க வேண்டும். ஓர் அலைநீளத்துக்குக் குறைந்தது ஆறு கட்டம் என்பது நாங்கள் பிடித்து நிற்கும் கணக்கு. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு 20 சென்டிமீட்டர் கட்டம் போதும். 45 கனமீட்டர் பேருந்து சில ஆயிரம் கட்டங்களில் அடங்கிவிடும். இதையே 4000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகலாமே என்று இளம் பொறியாளர்கள் கேட்பார்கள். அப்போது கட்டம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் சுருங்கி, எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தாண்டும். கணினி தாங்கினாலும் விடைக்கு மதிப்பில்லை. 100 ஹெர்ட்ஸுக்குள் அந்தப் பேருந்தில் பன்னிரண்டு பதிமூன்று நிலை அலைகள், 4000க்குள் ஏறத்தாழ மூன்று லட்சம். ஒருவர் எழுந்து நின்றாலே அந்த மூன்று லட்சமும் இடம் மாறிவிடும். அங்கே ஆற்றலின் வரவு செலவுதான் நேர்மையான கணக்கு.

அந்தப் பேருந்துக்கு எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை 700லிருந்து 600க்கு இறக்கச் சொன்னோம். வெடிப்பு 30 ஹெர்ட்ஸுக்குப் போய், நிலை அலையிலிருந்து விலகியது. ரப்பரைத் தொடவில்லை.

ஜெனரேட்டர் கூடுகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். திருப்பூரிலும் கோவையிலும் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் வந்தது. கூட்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 1500 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் ஜெனரேட்டரின் வெடிப்பு 50 ஹெர்ட்ஸ். மூன்றரை மீட்டர் நீளமுள்ள தகரக் கூட்டுக்குள் முதல் நிலை அலையும் 50 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வரும். இரண்டும் சேர்ந்துவிட்டால் உள்ளே முழக்கம் எழும். 50 மில்லிமீட்டர் பாறைக் கம்பளிக்கு அது தெரியவே தெரியாது. அந்த அலையின் கால் பங்கு நீளமே ஒன்றேமுக்கால் மீட்டர்.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. விதி அளக்கச் சொல்வது 'ஏ' எடையிட்ட டெசிபல். செவியின் இயல்பைப் பின்பற்றி, அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிடும். ஒரு பனியன் கம்பெனியின் பின்னால் குடியிருந்த பெரியவர் ஒருவர், தாழ்ப்பாள் இரவெல்லாம் நடுங்குகிறது, தலையணைக்குள் உறுமல் கேட்கிறது என்றார். அதிகாரிகள் மீட்டர் வைத்துப் பார்த்ததில் 75க்குக் கீழேதான் இருந்தது. விதிப்படி அங்கே சத்தமே இல்லை. எடையில்லாமல் அளந்து, அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டியபோதுதான் 50 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கம்பம் நிமிர்ந்து நின்றது. முதலில் புகைக்குழாயின் சைலன்சரைச் சோதித்தோம். அந்த வேலைக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எல். முஞ்சால் 1987இல் எழுதிய நூல்தான் எங்களுக்குத் துணை. சைலன்சர் சரியாக இருந்தது. பிறகு கூட்டுக்குள் ரேடியேட்டர் பக்கத் தடுப்பை நகர்த்தி, நீளத்தை உடைத்து, பெரிய தகட்டுக்குக் குறுக்கே விறைப்புச் சட்டம் வைத்தோம். பெரியவர் வீட்டுத் தாழ்ப்பாள் நின்றது. மீட்டரின் 'ஏ' எண் அசையவே இல்லை. இந்த விதியில் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கென்று தனி வரம்பு வர வேண்டும் என்று நான் கேட்கும் இடத்திலெல்லாம் சொல்கிறேன்.

இத்தனை கணக்கிலும் என்னைத் தூங்கவிடாதது சமன்பாடுகள் அல்ல, அவற்றுக்குள் போடும் சுவரின் எண்கள்தான். இந்தச் செங்கல், இந்தச் சிமெண்ட் ஷீட், பஞ்சு படிந்த இந்தக் கூரை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு உறிஞ்சும்? மென்பொருளோடு வரும் பட்டியல்கள் வேறு நாட்டுச் சுவர்களையும் தரைவிரிப்புகளையும் அளந்தவை. எல்லாப் பரப்புகளும் உறிஞ்சும் எண்ணை 0.05 என்று போடுவதா, 0.10 என்று போடுவதா என்பதில் எதிர்முழக்கம் இரண்டு மடங்கு மாறும். கதிர்களை எத்தனை கோடி விட்டாலும் அது சரியாகாது. அதனால்தான் பலூனை விட்டு நான் எங்கும் போவதில்லை.

இப்போது பொள்ளாச்சியிலிருந்து தென்னை நார்ப் பலகைகளை வாங்கி அளந்துகொண்டிருக்கிறோம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் ஒரு கோடியில் பலகைத் துண்டு, மறுகோடியில் ஸ்பீக்கர், நடுவே இரண்டு மைக்ரோஃபோன். போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு விழுங்கியது என்று தெரியும். இந்தக் குழாய் 1600 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பத் தக்கது. அதற்கு மேலே 3 சென்டிமீட்டர் குழாய். 50 மில்லிமீட்டர் பலகை 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாக விழுங்குகிறது. 300க்குக் கீழே தடுமாறுகிறது. பின்னால் காற்று இடைவெளி விட்டால் அங்கேயும் ஏறுகிறது. தார் சுற்றும் இடங்களுக்கும் சிறு பட்டறைகளுக்கும் நம் ஊர்ப் பொருளிலேயே விடை இருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தீ மட்டும் பாக்கி. போராக்ஸ் கரைசலில் ஊறவைத்த துண்டுகளை எரித்துப் பார்க்கிறோம், ஊறவைத்தபின் உறிஞ்சல் குறைகிறதா என்றும் அளக்கிறோம். இரண்டுக்கும் தெளிவான விடை வராமல் பஞ்சு பறக்கும் எந்தக் குடோனுக்குள்ளும் அந்தப் பலகையைக் கொண்டுபோகப் போவதில்லை.